கம்போடியாவுல யாரு இருக்கா?

நீளமான பதிவு. வீட்ல வயசான அப்பா அம்மாவை வச்சுக்கிட்டு, அவங்களை ஒரு தூர ஊருக்குக் கூட்டிட்டுப் போகலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவங்க பொறுமையா படிங்க.

கடலூர்ல என்கிட்ட வர்ற பெரியவங்கள்ல பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க நிறைய பேர். எடுத்த காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான். பொண்ணுக்கோ மருமகளுக்கோ பிரசவம். நியூஜெர்சி, துபாய், சிங்கப்பூர், மெல்போர்ன். போனா அஞ்சாறு மாசம் குழந்தையைக் குளிப்பாட்டி, பத்தியச் சாப்பாடு ஆக்கிப் போட்டு, திரும்பி வருவாங்க. "என்னம்மா பாத்தீங்க அங்க?"ன்னு கேட்டா, "பனி பெய்யுறதைப் பாத்தேன் டாக்டர், ஜன்னல் வழியா"ன்னு ஒரு அம்மா சொன்னாங்க. அறுபது வயசுக்கு மேல நம்ம ஊர்ப் பொம்பளைங்க தனக்குன்னு ஒரு இடத்தைப் பார்க்க விமானம் ஏறினது எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க. சீக்கிரம் எண்ணி முடிச்சுடலாம்.

எங்கம்மாவுக்கு 74 வயசு. சிதம்பரத்துல ஒரு பெண்கள் பள்ளியில 31 வருஷம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவங்க. அவங்க போகணும்னு சொன்னது கம்போடியாவுக்கு. அதைக் கேட்டதும் சொந்தக்காரங்க அத்தனை பேரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க: "கம்போடியாவுல யாரு இருக்கா?"

யாரும் இல்ல. ஒரு கோயில் இருக்கு.

அம்மாவுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்ததுன்னா, நடராஜர் கோயில்ல இருந்துதான். சிதம்பரம் கோயில்ல முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. 1114ஆம் வருஷத்தது. காம்போஜ தேசத்து ராஜா சோழனுக்குக் காட்சிப் பொருளா ஒரு கல்லை அனுப்பினான். சோழன் உத்தரவுப்படி அதைச் சிற்றம்பலத்துக்கு எதிர்ல இருக்கிற மண்டபத்துல முன்வரிசையில பதிச்சாங்கன்னு அது சொல்லுது. அதுக்கு முந்தின வருஷம், 1113ல, அங்கே பட்டத்துக்கு வந்தவன்தான் இரண்டாம் சூரியவர்மன். அங்கோர் வாட்டைக் கட்டினவன். அம்மா ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட வருஷா வருஷம் இதைச் சொல்வாங்க. "அவன் கல்லு நம்ம ஊருக்கு வந்துடுச்சுடி. நம்மதான் இன்னும் அங்க போகல."

போக முடியலன்னு சொல்றதுதான் சரி. 1970கள்ல அங்கே போர், அப்புறம் கெமர் ரூஜ். 1986ல நம்ம இந்தியத் தொல்லியல் துறை ஆளுங்க அங்கோர் வாட்டைச் சீரமைக்கப் போனப்ப, அந்தப் பத்திரிகைச் செய்தியை வெட்டி அம்மா நோட்டுல ஒட்டி வச்சாங்க. அப்போ எனக்கு ஸ்கூல் ஃபீஸ். அப்புறம் பாட்டி ஏழு வருஷம் படுத்த படுக்கை. அப்புறம் அண்ணன் காலேஜ், தங்கச்சி கல்யாணம். 2004ல சுனாமி. 2011 டிசம்பர் 30ந்தேதி தானே புயல். கடலூர்ல வீட்டு ஓடும் போச்சு, தோப்புல முந்திரி மரங்களும் போச்சு. 2015ல வெள்ளம். 2020ல கொரோனா. கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்குத் தனியா காலண்டர் தேவையில்ல, இந்த வருஷங்களைச் சொன்னாப் போதும். கொரோனா இரண்டாம் அலையில அப்பாவும் போயிட்டாங்க.

எங்க பக்கத்துல "நாளைக்குப் போவேன்"னு சொன்னா எல்லாருக்கும் நந்தனார் ஞாபகம் வருவார். காட்டுமன்னார்கோயில் பக்கம் ஆதனூர்க்காரர். திருநாளைப்போவார்னே பேர். அம்மாவைக் கேலி பண்ண அப்பா அந்தப் பேரைத்தான் சொல்வார். அம்மாவுக்குக் கோவம் வரும். "அவர் சோம்பேறித்தனத்துல தள்ளிப் போடல, உள்ள விடமாட்டாங்கன்னு தள்ளிப் போட்டார். என்னை அவரோட சேர்க்காதீங்க"ன்னு சொல்வாங்க. வரலாற்று டீச்சர் இல்லையா, கேலிக்குக்கூட ஆதாரம் சரியா இருக்கணும்.

போன வருஷம் விஷயம் மாறுச்சு.

அம்மா ஒரே கதையை ஒரு மணி நேரத்துல மூணு தடவை சொல்ல ஆரம்பிச்சாங்க. பால் காயுறதை மறந்தாங்க. வயசானா மறதி வரும்னு நாம எல்லாரும் விட்டுடுவோம், ஆனா ரெண்டு வகை மறதிக்கும் வித்தியாசம் இருக்கு. சாவியை எங்க வச்சோம்னு தேடுறது வயசு. சாவி எதுக்குன்னு யோசிக்கிறது வேற. பேர் மறந்து அப்புறம் ஞாபகம் வர்றது வயசு. நேத்து நடந்த கல்யாணத்துக்குப் போனதே ஞாபகம் இல்லன்னா டாக்டர்கிட்ட போகணும்.

முதல்ல சரி பண்ணக்கூடிய காரணங்களைத் தேடணும். தைராய்டு, மனச்சோர்வு, காது கேக்காம போறது, பி12 குறைவு. இங்க ஒரு விஷயம் குறிச்சுக்கோங்க. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமா சாப்பிடுறவங்களுக்கு பி12 குறையும். மாத்திரையை நிறுத்தச் சொல்லல, அது நல்ல மாத்திரை. வருஷத்துக்கு ஒரு தடவை பி12 பாருங்கன்னு சொல்றேன். அம்மாவுக்கும் குறைவா இருந்துச்சு. ஊசி போட்டோம். கொஞ்சம் தெளிவு வந்துச்சு, முழுசா வரல. புதுச்சேரியில நரம்பியல் மருத்துவர் பார்த்துட்டு, கடிகாரம் வரையச் சொல்லி, ஸ்கேன் எடுத்து, மைல்டு காக்னிடிவ் இம்பேர்மென்ட்னு சொன்னார். ஞாபகக் குறைவு இருக்கு, ஆனா அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்க முடியுது, அந்த நிலை. டிமென்ஷியாவுக்கு முந்தின படி. எல்லாரும் அடுத்த படிக்குப் போறதில்ல. ஞாபக மறதி கிளினிக்குகளுக்கு வர்றவங்கள்ல வருஷத்துக்கு நூத்துக்குப் பத்துப் பதினஞ்சு பேர் போறாங்க. சில பேர் அப்படியே இருக்காங்க, சில பேர் தேறிடுறாங்க.

அன்னைக்கு ராத்திரியே டிக்கெட் பார்க்க ஆரம்பிச்சேன்.

அண்ணன் பெங்களூர்ல இருக்கான். போன்ல கத்தினான். அவன் கேட்ட முதல் கேள்வி எல்லாரும் கேக்குறது: "அங்க ஏதாவது ஆச்சுன்னா?" அதுக்கு என்கிட்ட பதில் இருந்துச்சு. ரெண்டாவது கேள்விதான் கஷ்டம். "அவங்கதான் மறந்துடப் போறாங்களே. எதுக்கு இவ்வளவு செலவு, இவ்வளவு ரிஸ்க்?" அவன் கெட்டவன் இல்ல. அம்மாவோட மாத்திரைச் செலவு மாசாமாசம் அவன்தான் அனுப்புறான். பயத்துல கேட்டான்.

முதல் கேள்விக்கு முதல்ல வர்றேன், ஏன்னா உங்களுக்கும் அது உதவும்.

விமானத்துக்குள்ள காற்றழுத்தம் தரையில இருக்கிற மாதிரி இருக்காது. சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்துல இருக்கிற மாதிரி இருக்கும். புரியுற மாதிரி சொன்னா, நீங்க ஊட்டியில உட்கார்ந்திருக்கீங்க. ஊட்டிக்குப் போயி நடமாட முடிஞ்ச இதயமும் நுரையீரலும் இருந்தா பெரும்பாலும் விமானத்துலயும் தாங்கும். நாங்க பார்க்குற எளிய சோதனை: சமதளத்துல 50 மீட்டர் நடந்து, 10-12 படி ஏறி, மூச்சு வாங்காம பேச முடியுதா? முடிஞ்சா ஓரளவு தைரியமா இருக்கலாம். சமீபத்துல மாரடைப்பு, ஆபரேஷன், பக்கவாதம் வந்தவங்க, ஆக்ஸிஜன் தேவைப்படுறவங்க கண்டிப்பா உங்க டாக்டரைக் கேட்டுட்டுத்தான் டிக்கெட் போடணும்.

அம்மாவுக்கு இதயம் நல்லா இருந்துச்சு, முட்டிதான் பிரச்சனை. அதனால மூணு மாசம் பயிற்சி. தினமும் சாயங்காலம் கீழ வீதியில ஆரம்பிச்சு தெற்கு வீதி வரைக்கும். அடுத்த மாசம் மேல வீதியும் சேர்த்து. மூணாவது மாசம் நாலு ரத வீதியும் சுத்தி வந்து, தேரடியில உட்கார்ந்து சுண்டல். மார்கழித் தேருக்கு வடம் பிடிச்ச கால்தானேன்னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க.

அடுத்தது காலில் ரத்தக்கட்டி. நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்து பயணம் பண்ணா கால் நாளங்கள்ல ரத்தம் உறையுற ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2007ல சொன்ன ஆய்வு இருக்கு. அதுலயே, மொத்தத்துல சுமார் 6,000 பயணிகள்ல ஒருத்தருக்குத்தான் வருதுன்னும் சொல்லியிருக்காங்க. பயப்பட வேண்டாம், அசைஞ்சாப் போதும். இது விமானத்துக்கு மட்டும் இல்ல, ராத்திரி பஸ்ஸுக்கும் பொருந்தும்.

இப்ப முக்கியமான விஷயம். நம்ம அம்மாக்கள் பயணத்துல தண்ணி குடிக்க மாட்டாங்க. பாத்ரூம் போகணுமேன்னு. கடலூர்ல இருந்து சிதம்பரம் ஒரு மணி நேரச் சொச்சம். அதுக்கே காலையில காபியைக் குறைச்சுக்கிட்டு வர்றவங்க எங்கம்மா. பி.பி.க்குக் கொடுக்கிற யூரின் மாத்திரையைப் பயண நாள்ல நைசா விட்டுடுவாங்க, டாக்டர்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைகள் ஐம்பது வருஷமா நம்ம பொம்பளைங்களுக்குக் கத்துக் கொடுத்த பழக்கம் இது, அவங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. அம்மாவுக்கு நடைவழி ஓரத்து சீட் வாங்கினேன். பெரியவங்க போடுற டயப்பர் ஒண்ணு பையில வச்சேன். தேவைப்படல, ஆனா அது பையில இருக்குங்கிற தைரியத்துல ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சாங்க.

ஏர்போர்ட்ல வீல்சேர் சொல்லியிருந்தேன். "நான் என்ன நோயாளியா?"ன்னு முறைச்சாங்க. சென்னை ஏர்போர்ட்ல வரிசையைப் பார்த்ததும் ஏறி உட்கார்ந்துட்டாங்க. அதுக்கப்புறம் எங்க இறங்கினாலும் முதல் கேள்வி, "வண்டி எங்க?"

இன்னும் சில: மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில. லக்கேஜ்ல போட்டா பெட்டி வேற ஊருக்குப் போகலாம், சரக்குப் பகுதிக் குளிர்ல இன்சுலின் உறைஞ்சு வீணாகலாம். மருந்துச் சீட்டுல கம்பெனிப் பேர் மட்டும் இல்லாம மருந்தோட மூலப் பேரும் எழுதி வாங்கிக்கோங்க, வேற நாட்டுல அந்த பிராண்ட் இருக்காது. இன்சூரன்ஸ் எடுக்கும்போது சர்க்கரை, பி.பி., எதையும் மறைக்காதீங்க. மறைச்சா க்ளெய்ம் வராது. கம்போடியாவுக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், அதனால மருந்து நேரத்தை மாத்த வேண்டிய அவசியம் இல்ல. அமெரிக்கா போறவங்க அப்படி விட முடியாது, இன்சுலின் அட்டவணையைக் கேட்டு எழுதி வாங்கிட்டுப் போங்க.

ஞாபக மறதி இருக்கிற பெரியவங்களுக்கு வாந்தி வரக்கூடாதுன்னு அவில் மாத்திரை கொடுக்காதீங்க. நம்ம ஊர்ல பஸ் ஏறும்போது மிட்டாய் மாதிரி கொடுக்குறாங்க. அந்த வகை மாத்திரைகள் வயசானவங்களுக்குக் குழப்பத்தை உண்டாக்கும், சில பேர் ராத்திரி முழுக்கப் பிதற்றுவாங்க.

ராத்திரிதான் நிஜமான சோதனை. பழகின வீட்ல சமாளிக்கிறவங்க புது இடத்துல, இருட்டுல, தடுமாறிடுவாங்க. அதனால பகல் விமானமா பார்த்துப் போட்டேன். அம்மா பர்ஸுல என் போன் நம்பரும் ஹோட்டல் பேரும் கெமர் மொழியில எழுதின அட்டை. பாத்ரூம்ல விளக்கு எரியட்டும்னு விட்டேன். அப்படியும் முதல் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, "பால்காரர் வந்துட்டார்"னு கதவைத் திறக்கப் போனாங்க. கதவுக்கு முன்னால ஒரு நாற்காலி போட்டு, அதுமேல எவர்சில்வர் டம்ளர் வச்சிருந்தேன். டம்ளர் விழுந்த சத்தத்துல முழிச்சேன். நீங்களும் இதைப் பண்ணலாம், காசு செலவில்ல. "இது சிதம்பரம் இல்லம்மா"ன்னு வாதாடல. "இன்னைக்குப் பால் வேண்டாம்னு சொல்லிட்டேன்மா"ன்னு சொன்னேன். போய்ப் படுத்துட்டாங்க. நான்தான் விடியிற வரைக்கும் தூங்கல. அண்ணன் சொன்னது சரியோன்னு அந்த ராத்திரி நினைச்சேன்.

காலையில அங்கோர் வாட்.

அகழியே 190 மீட்டர் அகலம். கோயில் மேற்குப் பார்த்தது. உச்சி அடுக்குக்குப் போற படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து, அதை முன்னாடியே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். எங்க டுக்-டுக் ஓட்டுன தம்பி, கேக்காமலே அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா இறக்கினான். மெதுவா கிழக்குப் பிரகாரத்துக்குப் போனோம். அங்கதான் பாற்கடல் கடையுற சிற்பம், சுமார் 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே சுவர்.

அன்னைக்குக் காலையில எங்கம்மாவுக்கு நாங்க இருக்கிற ஹோட்டல் பேர் தெரியாது. என்ன கிழமைன்னு தெரியாது. அந்தச் சுவர் முன்னாடி நின்னதும் குரல் மாறுச்சு. ஒன்பதாம் வகுப்புக் குரல். "இங்க பாரு, வாசுகியோட தலைப்பக்கம் அசுரர்கள். வால்பக்கம் தேவர்கள், 88 பேர். நடுவுல மந்தர மலை, கீழ கூர்மம். மேல பறக்குறாங்களே, அப்சரஸ், கடலுக்குள்ளிருந்து வந்தவங்க." இருபது நிமிஷம். எங்கேயும் தடுக்கல, எதையும் திருப்பிச் சொல்லல. பின்னாடி நின்ன ஒரு மலேசியத் தமிழ்க் குடும்பம் அம்மாவை கைடுன்னு நினைச்சுக் கேள்வி கேட்டாங்க. பதில் சொன்னாங்க. ஒரு பையன் சரியா கேக்கலன்னு அதட்டவும் செஞ்சாங்க.

மருத்துவத்துல இதுக்கு விளக்கம் இருக்கு. புது ஞாபகத்தைப் பதிய வைக்கிற இடம் மூளையில ஹிப்போகாம்பஸ். இந்த நோய் பெரும்பாலும் முதல்ல கை வைக்கிறது அங்கதான். முப்பது வருஷம் திருப்பித் திருப்பிச் சொன்ன பாடம் அங்க மட்டும் இல்ல, மூளையின் மேற்பரப்பு முழுக்கப் பரவிக் கிடக்கும், அது கடைசியிலதான் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்தத் தூண் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன்.

மறுநாள் தா கியோ கோயிலுக்கு எதிர்ல, ரோட்டோரமா, ஒரு சின்னக் கல் கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். சுற்றுலாக்காரங்க யாரும் நிக்கிறதில்ல. ஏழாம் ஜெயவர்மன் கட்டின மருத்துவமனையைச் சேர்ந்த கோயில் அது. 1186ல பொறிச்ச தா புரோம் கல்வெட்டு அவன் நாட்டுல 102 மருத்துவமனைகள் இருந்ததா சொல்லுது. நோயாளிங்க படுத்த கட்டடங்கள் மரம், அதனால மக்கிப் போச்சு. மருத்துவ புத்தருக்குக் கட்டின கல் கோயில் மட்டும் நிக்குது. நாலு வருணத்தாருக்கும் வைத்தியம் உண்டுன்னு அந்த மருத்துவமனைக் கல்வெட்டுகள் சொல்லுது. நான் பெருமையா இதை விளக்கினேன். அம்மா கேட்டுட்டு, "நம்ம திருமுக்கூடல்ல அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே வீரராஜேந்திரன் காலத்து ஆதுலசாலை, 15 படுக்கை. வைத்தியர் ஒருத்தர், அறுவை செய்யறவர் ஒருத்தர், மூலிகை கொண்டு வர ஆளு, பணிவிடைக்குப் பெண்கள், எல்லாருக்கும் சம்பளம் எவ்வளவுன்னு கல்லுல இருக்கு. நீ டாக்டர்தானே, ஒரு தடவையாவது போய்ப் பாத்தியா?"ன்னு கேட்டாங்க.

இப்படி 102 ஆஸ்பத்திரி இருந்த நாட்டுல 1979ல கெமர் ரூஜ் விழுந்தப்ப, உயிரோட மிஞ்சின டாக்டர்கள் ஐம்பது பேர்கூட இல்லன்னு சொல்றாங்க. ஹைங் நோர்னு ஒரு பிரசவ மருத்துவர். படிச்சவன்னு தெரிஞ்சா கொன்னுடுவாங்கன்னு தன் தொழிலை மறைச்சு வாழ்ந்தார். 1978ல அவர் மனைவி பிரசவத்துல, அவர் கண்ணு முன்னாடியே செத்தாங்க. என்ன செய்யணும்னு அவருக்குத் தெரியும், கையில கருவி இல்ல, டாக்டர்னு காட்டிக்கவும் முடியாது. அப்புறம் அமெரிக்கா போயி, தி கில்லிங் ஃபீல்ட்ஸ் படத்துல நடிச்சு 1985ல ஆஸ்கர் வாங்கினார். இதை அம்மாகிட்ட சொல்லல. சியம் ரீப்ல ஏழாம் ஜெயவர்மன் பேர்லயே குழந்தைகளுக்கு ஒரு இலவச மருத்துவமனை இருக்கு, பீட் ரிச்னர்னு ஒரு சுவிஸ் குழந்தை மருத்துவர் செல்லோ வாசிச்சுப் பணம் திரட்டி 1999ல தொடங்கினது. காலையில அந்த வாசல்ல குழந்தைகளோட அம்மாக்கள் உட்கார்ந்திருந்தது நம்ம கடலூர் ஜி.ஹெச். வாசல் மாதிரியே இருந்துச்சு.

அஞ்சு நாள்ல திரும்பிட்டோம். ஒரு தடவை வயித்துப்போக்கு, ஓ.ஆர்.எஸ்.ல சரியாச்சு. அங்க கோயில் குரங்குங்க கிட்ட மட்டும் ஜாக்கிரதை. கடிச்சாலோ பிராண்டினாலோ 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு உடனே ரேபிஸ் ஊசி. ஊருக்கு வந்து பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடவே கூடாது.

இப்ப அண்ணனோட ரெண்டாவது கேள்வி. மறந்துட்டாங்களா?

பாதி மறந்துட்டாங்க. விமானம் ஏறினது ஞாபகம் இல்ல. ஹோட்டல் ஞாபகம் இல்ல. வந்த மூணாவது வாரம், "எப்பப்பா கம்போடியா போறோம்?"னு கேட்டாங்க. போட்டோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இது கிழக்குப் பிரகாரம். அந்தப் பையன் ஒழுங்காவே கேக்கல"ன்னாங்க. சில நாள் இப்படி வருது, சில நாள் வரல.

அயோவா பல்கலைக்கழகத்துல 2010ல ஒரு ஆய்வு. ஹிப்போகாம்பஸ் சேதமான அஞ்சு பேருக்குச் சோகமான, சந்தோஷமான படக்காட்சிகளைப் போட்டுக் காட்டினாங்க. என்ன பார்த்தோம்னு அவங்களுக்கு மறந்து போச்சு, ஆனா அந்தச் சோகமும் சந்தோஷமும் அப்புறமும் நின்னுச்சு. 2014ல அல்சைமர் நோயாளிங்ககிட்டயும் அதே மாதிரி பார்த்தாங்க. இதை அண்ணனுக்கு அனுப்பினேன். அது நிமிஷக் கணக்கு, மாசக் கணக்கு இல்லன்னு அவன் திருப்பிச் சொன்னான். சரியாத்தான் படிச்சிருக்கான். நான் அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான்: மறந்துடுவாங்கங்கிறதுக்காக நாம அவங்களுக்கு மத்தியானச் சோறு போடாம இருக்கோமா? அதுக்கு அவன் பதில் சொல்லல. ஆனா ஃபேமிலி குரூப்ல அம்மா பையனை அதட்டுற வீடியோவை டி.பி.யா வச்சிருக்கான்.

அம்மாவுக்கு இப்ப வேற ஒண்ணு பிடிச்சுக்கிச்சு. திருமுக்கூடல். நான் இன்னும் பார்க்கலங்கிறது மட்டும் அவங்களுக்கு மறக்கவே மாட்டேங்குது. கடலூர்ல காலையில கிளம்பினா ராத்திரிக்குள்ள திரும்பிடலாம். வர்ற ஞாயிறு ஓ.பி. கிடையாது, கார் சொல்லியாச்சு.